செத்துக் கிடந்தவள் சொன்ன நீதி

போன வாரம் பேத்தியின் பள்ளி ஆண்டு விழா. ஒப்பனை அறையில் ஒரு சிறுமிக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் என் மேலுதடு அரிக்கத் தொடங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. நீ போய் ஆறு மாதம் ஆகிறது, ஏட்டி. சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் உன்னைத் திட்ட வேண்டும் போல இருந்தது, என்ன அவசரம் உனக்கு என்று. இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

ஆவடியில் சீருடை தைக்கிற ஆலையில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மிஷின். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். நீ திருமுல்லைவாயில்காரி. முதல் நாளே நான், "ஏட்டி, அந்தக் கத்திரிய எடு" என்றேன். "இன்னாமே, திட்றியா?" என்று எழுந்து நின்றுவிட்டாய். அது திட்டு இல்லை, பிரியம் என்று உனக்குப் புரியவைக்க ஒரு ஷிப்ட் முழுக்கத் தேவைப்பட்டது.

எண்பதுகளின் கடைசி அது. உன் தங்கை வசந்தா, அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். உன் அப்பா தெருவில் நின்று, "எனுக்கு ஒரே பொண்ணுதான். இன்னொண்ணத் தல முழுகிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அம்மா இல்லாத வீடு. ஒரு வருஷம் கழித்து, வசந்தாவுக்கு ஏழு மாதம் என்று சேதி வந்தது. அன்றைக்கு நீ சட்டைக் கை வைக்க வேண்டிய இடத்தில் காலரை வைத்துத் தைத்தாய். "தலப்பிரசவம் எங்கூட்லதான் நடக்கணும். நைனா அவள இட்டுகினு வரணும். வேற ஒண்ணும் வோணாம்மே எனுக்கு" என்றாய். ஆனால் அவரிடம் யார் சொல்வது? நாம் கிழக்கு என்றால் மேற்கு என்கிற மனுஷன். பெரிய ஆலையில் ஃபிட்டர். தான் முடுக்கிய போல்ட்டை இன்னொருவர் சொல்லிக் கழற்ற மாட்டார்.

அப்போதுதான் ஆலையின் மனமகிழ் மன்றத்தில் நாடகப் போட்டி வைத்தார்கள். பெண்கள் மட்டும் நடிக்கும் நாடகம் என்று நம் பிரிவின் பேரில் நீயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். காலம் காலமாக மேடையேறிவந்த ஒரு பழைய சோக நாடகத்தைத்தான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போர்க்காலத்தில் கோட்டைக் கதவைத் திறப்பவருக்கு மரணம் என்று ராஜா ஆணையிடுகிறான். வெளியே குடியானவர்கள் பிள்ளைகுட்டிகளோடு கதறுகிறார்கள். ராஜாவின் மகள் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விடுகிறாள். சட்டத்துக்கு மகள் என்று தெரியாது என்கிறான் ராஜா. அவள் நஞ்சு குடித்துச் செத்த பிறகு, அந்தக் குடியானவர்கள்தான் மதிலேறிப் போராடிக் கோட்டையைக் காப்பாற்றினார்கள் என்று சேதி வருகிறது. மகளை மடியில் போட்டுக்கொண்டு ராஜா கதறுவதோடு நாடகம் முடியும். உயரமும் தொண்டையும் இருந்ததால் நான் ராஜா. நீ மகள்.

உன் அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தாய். ராஜா அழுவதைப் பார்த்தால் அவருக்கு மனம் இளகும் என்று நம்பினாய்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் காட்சி முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மேடையேறி நாடகத்தின் நீதியைச் சொல்வார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் திரை விழும். அதுவரை செத்தவர்கள் செத்தபடியே கிடக்க வேண்டும், ஆவடிக் கொசு எவ்வளவு கடித்தாலும். அன்று வந்திருந்த அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெத்தவங்க பேச்சை மீறுற பொண்ணுக்கு என்ன கதி வரும்னு இந்த நாடகம் அழகா எடுத்துக் காட்டுது" என்றார். நல்ல கைதட்டல். உன் அப்பாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

என் மடியில் கிடந்த நீ கண்ணைத் திறந்தாய். "படுட்டி!" என்று பல்லைக் கடித்தேன். கேட்டால்தானே! செத்தவள் எழுந்து நிற்பதைப் பார்த்து முன்னால் ஒரு குழந்தை வீறிட்டது. நீ போய் அதிகாரி கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாய்.

"சார், செத்தது நானு. நீதிய நான் சொல்றேன். கதவத் தொறந்ததால யாரும் சாவல. கோட்டயே பொழச்சுது. சாவடிச்சது ராஜாவோட ரோசம். பொண்ணுங்களுக்கு இதுல ஒரு பாடமும் கெடயாது. அல்லாம் அப்பனுங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, என் மடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். பின்வரிசைப் பெண்கள் விசிலடித்தார்கள். அதிகாரி திரையை இழுக்கச் சொன்னார்.

பரிசு எப்படிக் கிடைக்கும்? கிடைக்கவில்லை. உன் அப்பா உன்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் ஊர் நிறுத்தவில்லை. ரயிலில், ரேஷன் கடை வரிசையில், எங்கே பார்த்தாலும் அந்த நாடகத்தின் நீதிதான். கோட்டைச் சாவியை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டிவைத்ததுதான் தப்பு என்றாள் கேன்டீன் அக்கா. ஆலை வாசலில் காவல் நிற்பவர் என்னை நிறுத்தி, "ராஜாம்மா, அந்த கேட்ல டூட்டி பாத்தவன் எங்க போனான்? மொதல்ல அவன சஸ்பெண்ட் பண்ணணும்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் உன் முகம் வாடிவிடும். வசந்தாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா வாசலில் குந்தி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வேசம் கட்னவ நீ, நீயே சொல்லு. ராஜா செஞ்சது தப்பா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ. "தப்பே இல்லைங்க. நூத்துக்கு நூறு சரி. மகளாவது மண்ணாவது!" என்றேன். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த நீ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

அவர் எண்ணெய்க் குப்பியை வைத்தார். "அப்டி ஒரேடியா சொல்லிட முடியாதும்மா."

"ஏன் முடியாது? சட்டம்னா சட்டம்தான்."

"இன்னா பெரிய சட்டம்? பெத்த பொண்ணும்மா அது! கோவம் கீதுதான், இல்லேன்னு சொல்லல. அதுக்காவ? எதுக்கு கண்ணு கதவத் தொறந்தேன்னு ஒரு வார்த்த கேக்க வாணாமா? கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும். கேக்காம வுட்டான் பாரு, அங்கதான் அவன் கெட்டான்!"

நீ வாசற்படியில் வந்து நின்றாய். கையில் கரித்துணி.

"நீ கேட்டியா நைனா?"

அவர் நிமிரவே இல்லை. எண்ணெய்க் குப்பியை மூடினார். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "அவ ஊடு எங்க கீது?" என்றார்.

அண்ணனூர் அடுத்த ஸ்டேஷன்தான். மூவரும் ரயிலேறினோம். கதவைத் திறந்த வசந்தா, அப்பாவைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அவர் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மாப்ள இது? மாசமா கீறவ ஊட்ல தாப்பா இப்டியா கீறது? ஸ்குரூ டிரைவர் எடுத்துகினு வா!"

அந்தப் பையன் ஓடினான். அங்கேயே தரையில் உட்கார்ந்து தாழ்ப்பாளை முடுக்கினார் உன் அப்பா. முடுக்கும்போது அவர் தோள் குலுங்கியது. பிறகு வசந்தாவைப் பார்த்து, "துணிமணிய எடுத்துக்கோ. போலாம்" என்றார். நீ நடுத்தெருவில் என்னைக் கட்டித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய். என்னைவிட ஒரு சாண் குள்ளம் நீ. "கெலிச்சிட்டோம்மே!" என்று நீ போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன.

வசந்தாவுக்கு உங்கள் வீட்டில் வைத்துத்தான் வலி எடுத்தது. பெண் குழந்தை. நாடகத்தைப் பார்த்து மனம் மாறியதாக உன் அப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒரு பெண் ஏதாவது செய்துவிட்டால் போதும், நீதி சொல்ல யாராவது தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் சும்மா இருப்பதில்லை. "அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். வாயாடிக் கிழவி என்று பேர் வாங்கியாயிற்று, போகட்டும். சிலர் முறைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சிலர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளைப் பார்க்கக் கிளம்புவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ என்னைத் தூக்கிச் சுற்றுகிறாய், ஏட்டி.