மே மூன்று வரை சந்தா

ஏப்ரல் 20, திங்கள்

காலை ஏழரைக்கே வெயில். ஷட்டரைத் தூக்கும்போது கை சுட்டது.

இன்றைய வேலை:
– சிதம்பரம் அண்ணன் கார். ரிமோட் ஸ்டார்ட் போச்சாம்.
– வெள்ளை வேன். ஆல்டர்னேட்டர்.
– 10-ஆம் நம்பர் ஸ்பேனர் தேடுவது. மூன்றாவது நாள்.

சி. அண்ணன் (மருந்துக்கடை) காரில் கோளாறே இல்லை. மூன்று வருட இலவசச் சந்தா முடிந்துவிட்டது, அவ்வளவுதான். போனில் பட்டனை அழுத்தினால் ‘புதுப்பிக்கவும்’ என்று வருகிறது. ஒரு வாரமாக அதைப் படிக்காமலே தள்ளிவிட்டிருக்கிறார்.

“அப்ப மிசின் செத்துப்போச்சா தம்பி?”

“மிசின் நல்லாத்தாண்ணே இருக்கு. காசு கட்டுனா எந்திரிக்கும்.”

“நான் வாங்குன வண்டிக்கு நானே வாடகை குடுக்கணுமா?”

“ஆமாண்ணே.”

“நீ எதாச்சும் ஒயர மாத்திவிட்டுக் குடேன்.”

முடியாது என்றேன். போனில் அழுத்துவது முதலில் கம்பெனிக்குப் போகிறது. அங்கிருந்து வண்டிக்குள் இருக்கிற சிம்முக்கு வருகிறது. நடுவில் நான் எந்த ஒயரை வெட்டுவது? முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் கேட்டது சரியான கேள்வி. சிம், ஏ.சி., மோட்டார் எல்லாவற்றுக்கும் விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம். அதற்குள்ளேயே ஒரு பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கு வருடாவருடம் கேட்கிறார்கள். நான் ஒருநாளும் கட்ட மாட்டேன். எழுதியே வைக்கிறேன்.

மதியம் அம்மா போன். வீட்டு ஷெட்டில் நம் கார் தானாக ஸ்டார்ட் ஆகி ஓடியதாம். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பத்து நிமிடம் ஓடிவிட்டு அதுவாகவே நின்றுவிட்டதாம்.

டி.வி. சத்தமாக இருக்கும் என்றேன். திட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 22, புதன்

நேற்று இரவு கடையில் வைத்துக் காரைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் ரிலே சரி. பட்டன் சரி. சாவி பேட்டரி மாற்றினேன். எர்த் ஒயர் இரண்டையும் சுத்தம் செய்தேன். ஒன்றும் இல்லை. எரிச்சல்.

நாலு வருடப் பழைய கார், ஆட்டோமேட்டிக். பிப்ரவரியில் உமையாள் ஆச்சியிடம் வாங்கியது. சென்னைக்கு, மகன் வீட்டுக்கே போகிறார் என்பதால் விற்றார். அந்தக் காரை நாலு வருடமும் நான்தான் பார்த்தேன். அதில் எனக்குத் தெரியாத ஒயர் கிடையாது என்று அப்பாவிடம் பீற்றித்தான் அவர் பெயரில் வாங்க வைத்தேன். இப்போது அப்பா வாயைத் திறக்காமல் என்னைப் பார்க்கிறார். அதுதான் அதிகம் எரிகிறது.

நேற்று பகலில் நெற்குப்பை. யமுனாவைப் பார்க்க. பாலிடெக்னிக்கில் ஒரே செட், அவள் சிவில். இப்போது ஒரு காண்ட்ராக்டரிடம் இருக்கிறாள். பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுகிற வேலை. சொந்த ஊரிலேயே ஒரு பெரிய வீட்டை லாட்ஜ் ஆக்குகிறார்கள், அதை அளக்கிறாள். டேப்பின் அந்த முனையை நான் பிடித்தேன். இரண்டு மணி நேரம். இருபத்திரண்டு தூண். நன்றாக இருந்தது.

கிளம்பும்போது சொன்னாள்:

“பாலா, மே பத்தாந் தேதி திருப்பத்தூர்ல இருந்து என்னப் பாக்க வாராக. எங்க வீட்ல நான் சொல்லிட்டேன். உங்க வீட்ல கேக்க வந்தா அவுகள வர வேணாம்னு சொல்லிருவாக. நீ எப்பச் சொல்லப்போற?”

“சொல்றேன்.”

“ஊர்ல எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேராப் பேசுவ. சொந்த அப்பாகிட்டக் காத்துப் போயிருதா?”

உண்மைதான். வாடிக்கையாளர் டாக்டராக இருந்தாலும் ‘நீங்க ஓட்டுறது தப்பு’ என்று சொல்லிவிடுவேன். அப்பாவிடம் இதைச் சொல்ல மூன்று தடவை போய் மூன்று தடவையும் “டீ வேணுமாப்பா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஸ்பேனர் கிடைத்தது. என் பேண்ட் பாக்கெட்டில்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலை 9.40. மறுபடி. இந்த முறை நானும் வீட்டில். கண் முன்னால் எஞ்சின் ஓடுகிறது, ஏ.சி. ஓடுகிறது, உள்ளே ஆள் இல்லை. அம்மா சூடம் கொளுத்திக்கொண்டு வந்துவிட்டாள். பெட்ரோல் வண்டிப் பக்கத்தில் சூடம்! பிடுங்கி அணைத்தேன்.

“பேய் புடிச்ச வண்டிடா இது. ஆச்சிகிட்டயே திருப்பிக் குடுத்துருங்க.”

அப்பா: “இவனுக்குத் தெரியாத ஒயரே இல்லையாம்ல. இவனையே கேளு.”

உட்கார்ந்து யோசித்தேன். திங்கள் ஓடியது, அதற்கு முன் சனி, ஞாயிறு வண்டியை எடுக்கவில்லை. இன்று ஓடியது, புதன், வியாழன் எடுக்கவில்லை. இரண்டு நாள் நின்றால் ஓடுகிறது. சரியாகப் பத்து நிமிடம். ஒயர் நாள் கணக்குப் பார்க்காது. ஆள்தான் பார்க்கும்.

சி. அண்ணனுக்கு நானே வகுப்பு எடுத்த அதே சிம். ஆச்சி ஊரைவிட்டுப் போனதும் போனில் இருந்த சந்தாக் கணக்கை மூடியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவே இல்லை. முட்டாள். போன் போட்டேன்.

“ஆச்சி, நம்ம வண்டிய நீங்க ஸ்டார்ட் பண்ணுனீகளா?”

“ஆமா தம்பி. ரெண்டு நாளா அசையாமக் கெடந்துச்சே. நீதானப்பா சொன்ன? சும்மா கெடந்தா பேட்டரி படுத்துரும், பத்து நிமிசம் ஓட விடுங்கன்னு. அன்னைக்கு என்னைய அந்தச் சத்தம் போட்டயே!”

சொன்னேன்தான். போன வருடம். சத்தமும் போட்டேன்தான்.

“வித்த வண்டிய எதுக்கு ஆச்சி நீங்க பாக்குறீக?”

“பொண்ணக் கட்டிக்குடுத்தா மறு நாளே விட்ருவமா? மே மூணு வரைக்கும் நான் சந்தா கட்டியிருக்கேன். வீணாப் போகணுமா? போன மாசமெல்லாம் தெனம் ஓடுச்சு, நானும் கம்முனு இருந்தேன். இப்பத்தான் நிக்கிது.”

போன மாதம் என் பைக் ரிப்பேர். அதனால் கார். எல்லாம் பொருந்துகிறது. ஷெட் மூடியிருக்கும்போது எஞ்சின் ஓடினால் புகை வீட்டுக்குள் வரும், ஆபத்து, இனிமேல் தொடாதீர்கள் என்று சொன்னேன். ‘ஐயையோ’ என்றார். போனை வைக்கப் போனேன். வைக்க விடவில்லை.

“இருப்பா. நான் ஒன்னு கேக்கணும். மேப்புல பாத்தேன், செவ்வாக்கெழம நெற்குப்பைல எங்க பங்காளி வீட்டு வாசல்ல வண்டி ரெண்டு மணி நேரம் நின்னுச்சு. போன மாசமும் நாலஞ்சு தடவ. அது ஆளில்லாமப் பூட்டிக் கெடக்குற வீடு. உங்கப்பா மர வேல. உனக்கு வண்டி இருக்கு. நெலக் கதவு எதுவும் வெல பேசுறீகளாப்பா?”

கதவு திருடுகிறவன் என்று நினைத்துவிட்டார்! அப்பாவையும் சேர்த்து!

“கதவெல்லாம் இல்ல ஆச்சி. ஒரு பொண்ணு.”

ஆச்சி சிரித்தார். அவ்வளவு நேரம் ஒருவர் சிரிப்பதைப் போனில் கேட்டதில்லை. பங்காளிகள் அந்த வீட்டை லாட்ஜுக்குக் கொடுத்ததையும் நான்தான் சொன்னேன். அது அவருக்குத் தெரியவே தெரியாதாம். அதில் கொஞ்சம் கோபம். பிறகு மறுபடி சிரிப்பு.

“வீட்ல சொல்லிட்டியா?”

“இல்ல ஆச்சி.”

“சரி, நான் சொல்ல மாட்டேன். ஆனா சந்தா முடியப்போகுது, கணக்க மாத்தணும்ல. வண்டி உங்கப்பா பேர்ல இருக்கு. அவுக போனுக்குத்தான் ஓ.டி.பி. நம்பர் வரும். அப்புறம் வண்டி எங்குட்டு நிக்கிதுன்னு அவுகளே பாப்பாக.”

ஏப்ரல் 25, சனி

வழி ஒன்று: கணக்கை மாற்றாமல் சந்தாவைச் சாக விடுவது. என் கொள்கைக்கும் சரி, பயத்துக்கும் சரி. இரண்டும் ஒரே பக்கம் நிற்பதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

அப்பா பட்டறைக்குப் போனேன். மிஷின் ஒரு பலகையில் பூ வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பலகைக்குப் பதினோரு நிமிடம். அது முடியும்வரை நின்றேன். டீ வேணுமா என்று கேட்கவில்லை.

“அப்பா, நெற்குப்பைல யமுனான்னு ஒரு பொண்ணு. என்கூடப் படிச்சது. கட்டிக்கலாம்னு இருக்கோம். நீங்க வந்து பேசணும்.”

அப்பா தூளை ஊதினார்.

“என்ன வேல பாக்குது?”

“பழைய வீடுகள அளந்து ட்ராயிங் போடுது.”

திரும்பினார். “ஆத்தங்குடி வேலைல என் கதவு நெலைய அரை இஞ்சி கோணல்னு எழுதிக் குடுத்த பொண்ணா?”

இது எனக்குத் தெரியாது. யமுனாவும் சொன்னதில்லை. அவளுக்கு அது என் அப்பா என்றே தெரிந்திருக்காது.

“முப்பத்தஞ்சு வருசத்துல ஒருத்தன் என் நெலையக் கோணல்னு சொன்னதில்லடா. காண்ட்ராக்டர் முன்னாடி. அந்தப் பொண்ணா?”

உடனே யமுனாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

“அரை இஞ்சி இல்லையாம்ப்பா. முக்காலாம்.”

அப்பா அடுத்த பலகையை மாட்டினார். மிஷினைப் போட்டார். பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

இரண்டு நாளாக அப்பா பேசவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவளுக்குக் காரில் பேய் இல்லை என்பதே பெரிய சந்தோஷம். “அந்தப் புள்ள செவப்பா கறுப்பா?” என்று கேட்டாள். மாநிறம் என்றேன். “நீ ஒன்னும் ரோசாப்பூ இல்ல” என்றாள். அவள் பக்கம் சரி.

காலையில் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் கடைக்கு வந்தார். வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

“ஆத்தங்குடி போயிருந்தேன்.”

“ம்.”

“முக்கால்தான்.”

செருப்பு வாசல் பக்கம் திரும்பியது.

“ஞாயித்துக்கெழம வாரோம்னு சொல்லு.”

எழுந்த வேகத்தில் தலை இடித்தது. இப்போதும் வீங்கியிருக்கிறது. பரவாயில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

மழை வரும் போல் இருந்தது, வரவில்லை.

ஆச்சி அப்பாவின் நம்பரையும் தன் கணக்கில் சேர்த்துவிட்டார். அப்பாவுக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது. லைட்டைப் போடுகிறார், அணைக்கிறார். ‘வண்டியைக் கண்டுபிடி’ என்று ஒரு பட்டன், அழுத்தினால் ஹாரன் அடிக்கும். பட்டறையில் இருந்துகொண்டு அடிக்கிறார். அம்மா ஓடி வந்து பார்க்கிறாள். அவர் அங்கே தனியாகச் சிரிப்பாராக இருக்கும்.

“இதுக்குப் போயா காசு கட்ட மாட்டேன்ன?” என்றார்.

கொள்கையை விளக்கினேன். ஹாரன் அடித்தார்.

மே 3, ஞாயிறு

மதியம் 2.00. கொண்டுபோக: பழம், பூ, வெற்றிலை, இனிப்பு, என் ஜாதகம். நல்ல நேரம் 3.30 முதல் 4.30. அதற்குப் பிறகு ராகு காலம். அம்மா நேற்றிலிருந்து இதை மட்டும் பத்து தடவை சொல்லிவிட்டாள். காரைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டேன்.

மாலை 6.05. நெற்குப்பை. காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் உள்ளே.

கிளம்பிய கதை: 4.15 ஆகியும் பூக்காரர் வரவில்லை. நேரம் நேரம் என்று கத்திய அம்மாவே புடவையை மாற்றப் போய்விட்டாள். அப்பா டேப்பைத் தேடுகிறார். பெண் கேட்கப் போகிறவருக்கு டேப் எதற்கு? 4.22-க்கு வாசலில் எஞ்சின் சத்தம். நான் இல்லை. அப்பா போன் மேசையில். என் போன் அடித்தது.

“தம்பி, மேப்புல வண்டி இன்னும் வாசல்லயே நிக்கிதேப்பா! நாலரைக்கு ராகு காலம். அதான் நான் எடுத்துவிட்டேன். திறந்த எடத்துலதான நிக்கிது? பொகை ஒன்னும் ஆகாதுல்ல? சீக்கிரம் ஏறுங்க!”

சென்னையிலிருந்து. கடைசி நாள் சந்தாவில்.

அம்மா அறைக்குள்ளிருந்து: “ஆச்சி எடுத்துவிட்டாகளா? அப்பச் சரி. பொறப்பட்டாச்சு.” உடனே சாந்தமாகிவிட்டாள். வழக்கமாக வெளியூர் போகும்போது நல்ல நேரத்தில் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகச் சாப்பிடுவாள். அந்தக் கணக்கு. எஞ்சின் பெட்டி ஆகிவிட்டது.

ஆனால் பத்து நிமிடத்தில் அது தானாக நிற்கும். நின்றால் மறுபடி ராகு காலத்தில்தான் எடுக்க வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிரேக், பட்டன், எஞ்சின் என் கைக்கு வந்தது. 4.29. உள்ளே ஜில்லென்று இருந்தது. 4.40-க்குத்தான் அம்மா ஏறினாள். பூ வந்துவிட்டது.

வீட்டுக்குள்: யமுனா காபி கொடுத்தாள். பச்சைச் சேலை. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்தக் கூடம் நீளம் எத்தனம்மா?” அவள் சுவரைப் பார்த்தாள். “பதினாலடி மூணு இஞ்சி இருக்கும்யா.” அப்பா சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. காரை நிழலுக்கு மாற்றுகிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்று நள்ளிரவோடு சந்தா முடிகிறது. இப்போதுதான் போனில் கட்டினேன், அப்பா பெயரில். ஒரு வருடத்துக்கு மட்டும். கொள்ளைதான். 20-ஆம் தேதிப் பக்கத்தை அடிக்க வேண்டும்.

உள்ளே பெரிய சிரிப்பு. அவள் குரல் ஜன்னல் வழியாக: “நான்தான் சொன்னேன்ல மாமா!”

மாமா.

ஹாரன். நான் தொடவில்லை. மறுபடி ஹாரன். அப்பா கூப்பிடுகிறார்.