பிறப்பில் வந்தது இல்லையாம், அண்ணா

என் ஆசை அண்ணா,

அங்கேயாவது மூச்சு தடையில்லாமல் வருகிறதா? இங்கே நீ பாதி பேசுவதற்குள் இருமல் வந்துவிடும், மீதியை நான் என் இஷ்டத்துக்கு முடித்துவைப்பேன், நீ முறைப்பாய். இப்போது முறைக்க ஆள் இல்லாமல் பேஜாராக இருக்கிறது.

வேலூரில் நீ கொடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அஞ்சாவதோடு நின்ற எனக்கும் புரிகிற மாதிரி டாக்டரம்மா அன்றைக்கு நம் ரெண்டு பேரிடமும் சொன்னார்களே. புற்றுக்கட்டி வளராமல் தடுக்க உடம்பில் ஒரு ஜீன் இருக்கிறதாம். ஆம்பூர் தோல் கம்பெனியில் பாய்லர் குழாய்க்கு நீ சுற்றினாயே கல்நார் துணி, ஆஸ்பெஸ்டாஸாம் அது, அதன் தூசி நுரையீரலைச் சுற்றிய சவ்வில் பல வருஷம் தங்கி அந்த ஜீனைக் கெடுத்துவிட்டதாம். சில குடும்பங்களில் அது பிறக்கும்போதே கெட்டு வருமாம், பிள்ளைக்கும் போகுமாம்.

அதைக் கேட்டதும் உன் முகம் போன போக்கு!

"எனுக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும் டாக்டரம்மா. எம் பொண்ணுக்கு வருமா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஊசி என்றால் ஓடுகிற ஆள், கையை நீட்டினாய். வீரன்தான் போ என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை.

உன் ரத்தத்தில் அது நல்லாத்தான் இருக்கிறதாம், அண்ணா. கெட்டது கட்டிக்குள் மட்டும்தானாம். பிறப்பில் வந்ததில்லை, மலருக்கு உன்னிடமிருந்து போகவில்லை. இதைக் கேட்கும்வரை இருந்திருக்கக் கூடாதா?

மலரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "அப்ப அந்த வேலைக்குப் போவாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரா அத்தே?" என்றாள்.

ரிசல்ட் சொன்ன கையோடு, வீட்டுக்கும் தூசி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார்கள். நெருப்பே பிடிக்காது என்று பெருமையடித்து நீ மிச்சத் துணியைக் கொண்டுவருவாயே, அதைச் சொன்னேன். பிரியாணி தேக்சாவுக்குத் தம் போட மூடியைச் சுற்றி அதைத்தான் கட்டுவோம். தெருவே இரவல் கேட்கும். ஆறியதும் உதறி மடித்துவைப்பது மலர், அப்போது சின்னப் பொண்ணு. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே வந்து, முதலில் இந்தத் துணியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள்.

ரத்தத்தில் கொடுக்காததை, ஆசையாகத் துணியில் கொடுத்துவிட்டாயா அண்ணா?

இரவல் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டேன். மலருக்கு லேசாக மூச்சு வாங்கினாலும் காதைத் திருகியாவது வேலூர் பஸ் ஏற்றுவேன். நான் இருக்கிறவரை அவளைத் தனியாக அந்த ஆஸ்பத்திரி வாசல் ஏற விடமாட்டேன். இது சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
ராணி