கண்ணை மூடிப் பார்த்த நாடி

என் வீட்டு வைத்தியருக்கு,

என்னங்க, மூணு மாசமா மூச்சு வாங்குதுன்னு சொல்லிப் பார்த்தேன். "புத்தகம் எழுதி முடியட்டும், பார்க்கலாம்"னீங்க.

அதனால நேத்து உங்க வைத்தியசாலையில பத்தொன்பதாம் நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். வாயைத் திறக்கலை, ஆனா முகத்தை மறைக்கவும் இல்லை. கையை நீட்டினதும், வழக்கம்போல கண்ணை மூடிக்கிட்டு மூணு விரலை வச்சீங்க. "ரொம்ப நாளா மனசுல எதையோ போட்டுப் புழுங்குறீங்கம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க"ன்னீங்க. நிமிராமலே கஷாயம் எழுதிக் கொடுத்தீங்க.

நாடி பார்க்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லை. வீட்டுக்காரரைத்தான் எங்கே போய்த் தேடுறதுன்னு தெரியலை.

கஷாயத்தை அக்கா வீட்டுல காய்ச்சிக் குடிச்சுக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்க புத்தகத்துக்குள்ள வைக்கிறேன். வேற எங்கே வச்சாலும் உங்க கண்ணுல படாது.

உங்கள்
பத்தொன்பதாம் நம்பர்