சிவமணியின் பேரை வாசித்த நாள்

சிட்னி
5.6.1977

அன்பின் இராசேஸுக்கு,

நான் சுகம். நீரும் மகள் வதனாவும் சுகமாயிருந்தால் எனக்கு அதுவே போதும். உங்கள் ரெண்டு பேருக்கும் விசா வந்திட்டுது. இஞ்ச வந்தால் பிள்ளைக்குத் தமிழ் போயிடும் எண்டு எழுதியிருந்தீர். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின்ர சொந்தக்காரன் ஹாகொப்பின்ர கதையைக் கேளும். ஆர்மேனியன். அறுபது வருசத்துக்கு முன்னம் துருக்கியிலை அவையின்ர சனத்தை வெட்டிச் சாய்ச்சவங்கள். தப்பினவை பெய்ரூத்துக்குப் போய், அங்கையும் சண்டை வர, இவர் இஞ்ச வந்தவர். சனிக்கிழமையிலை பிள்ளையள் எல்லாம் அவையின்ர வேதக்கோயில் மண்டபத்திலை தங்கட எழுத்துப் படிக்குதுகள். போன கிழமை மகள் இங்கிலீசிலை பதில் சொல்ல, குசினியிலை வைச்சே அறைஞ்சார். மூக்காலை இரத்தம். மனுசி துடைச்சுப்போட்டு, "இப்ப எங்கட பாஷையிலை சொல்லு" எண்டா. சொன்னாள். நான் பார்க்கேலாமல் வெளியிலை வந்திட்டன். ஆனா பாஷை நிக்குது. பயப்படாமல் வாரும்.

உம்மட
தேவராஜா

சுன்னாகம்
2.9.1977

அன்புள்ள அத்தானுக்கு,

போன மாதக் கலவரத்திலை, தம்பி சிவமணி வேலைக்கு நிண்ட அனுராதபுரக் கடையைச் சிங்களக் காடையர் எரிச்சுப்போட்டாங்கள். முதலாளியை வாசலிலை போட்டு வெட்டினவங்கள். தம்பி பின்பக்கத்தாலை ஓடினதைக் கண்ட ஆள் இருக்கு. பிறகு ஒருத்தரும் காணேல்லை. வவுனியாவிலை இருந்து அகதியளை ஏத்தி வாற லொறி ஒவ்வொண்டிலையும் ஏறி, வெட்டுக்காயத்தோட கிடக்கிற முகங்களைப் பிரட்டிப் பார்க்கிறன். அவனில்லை. அப்ப உயிரோட இருக்கிறான். அவன் வாறமட்டும் நான் எங்கையும் அசையன்.

இராஜேஸ்வரி

சிட்னி
25.4.1978

அன்பின் இராசேஸுக்கு,

நேற்று ஆர்மேனியருக்குச் செத்தவையை நினைக்கிற நாள். ஹாகொப்பின்ர மண்டபத்திலை ஒவ்வொரு வீடும், குழியில்லாமல் போன தங்கட ஆக்களின்ர பேரை எழுதிக் குடுக்கும். ஒருத்தர் வாசிக்க, சனம் எழும்பி நிக்கும். அவைக்கு அதுதான் செத்தவீடு. "உன்ர ஆளின்ர பேரும் தா, வாசிக்காட்டி அவனை ரெண்டாந்தரம் கொல்லுறாய்" எண்டார் ஹாகொப். சிவமணியின்ர பேரைக் குடுத்தன். பிழையில்லாமல் வாசிச்சாங்கள். முந்நூறு பேர் எழும்பி நிண்டவை. நான் வாய்விட்டு அழுதன். எட்டு மாதமாச்சு, இராசேஸ். இனிப் போதும். ஜூன் ஒன்பதுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறன். பிள்ளையோட வாரும்.

தேவராஜா

சுன்னாகம்
14.5.1978

தேவராஜாவுக்கு,

இவ்வளவு காலமும் உங்கட பேரை நான் வாயாலை சொன்னதில்லை. இப்ப எழுதியே போட்டன்.

கடிதத்தை வதனாதான் வாசிச்சவள். "மாமா செத்திட்டாரோ அம்மா" எண்டு கேட்டாள். கன்னத்திலை அடிச்சன். அவள் விழுந்து வாய் கிழிஞ்சுது. ஒருநாளும் அந்தப் பிள்ளையிலை கை வைக்காதவள் நான்.

கடையை எரிச்சது அவங்கள். என்ர தம்பியைச் சாக்காட்டினது நீங்கள். முந்நூறு பேரை எழுப்பி வைச்சுச் சாக்காட்டியிருக்கிறியள். அந்தச் சனத்திலை எனக்குக் கோவமில்லை. அவை அறுபது வருசம் பார்த்திருந்தவை. உங்களுக்கு எட்டு மாதம் பொறுக்கேல்லை, என்னட்டை ஒரு வார்த்தை கேக்கவும் மனம் வரேல்லை. நான் லொறி லொறியா ஏறினது ஆருக்காக?

டிக்கெட்டை அடுப்பிலை போட்டிட்டன். பிள்ளை என்னோட இருப்பாள். இனிக் கடிதம் போட வேண்டாம், உடைக்கமாட்டன்.

நேற்று கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய், செத்தவைக்குச் செய்யிற மாதிரி எள்ளும் தண்ணியும் இறைச்சு முழுகிப்போட்டு வந்தனான். தம்பிக்கில்லை. உங்களுக்கு.

சிவமணியின் அக்கா