நிழல் நீட்டிய கை

மார்ச் 4, செவ்வாய்
இன்று முப்பத்தெட்டு முறை கட்டிலில் படுத்தேன். முப்பத்தெட்டு முறையும் அந்த இயந்திரம் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது. நோயாளியாகக் கிடப்பது என் வேலை, தூக்கப் பழகுவது இயந்திரத்தின் வேலை. இடுப்பு கழன்றுவிட்டது.

இன்ஜினியர் மறுபடி பாடம் எடுத்தார். “தூக்குறதுக்கு முன்னாடி அது மனசுக்குள்ள தூக்கிப் பாக்கும். எப்படித் தூக்கினா என்ன ஆகும்னு கணிச்சு, நல்லா முடியறத செய்யும். கணிப்பு தப்பினாத்தான் கத்துக்கும். அதனால பொணம் மாதிரி கிடங்க. உதவி பண்ணிடாதீங்க.”

அது கணிப்பதெல்லாம் திரையில் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு நிழல், எனக்கு முன்னால் எழுந்து உட்காரும்.

மார்ச் 11, செவ்வாய்
வலி தாங்கவில்லை. நாற்காலியில் இறக்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்ன சுகம்! இயந்திரத்தின் தவறுகள் பாதியாகக் குறைந்தன. “பிரமாதமா கத்துக்குது!” என்று இன்ஜினியர் குதித்தார். அவர் எண்களைத்தான் பார்க்கிறார். என் கையைப் பார்ப்பது அது மட்டும்தான்.

மார்ச் 19, புதன்
இன்று நான் கையை அசைக்கும் முன்பே திரையில் நிழல் கம்பியைப் பிடித்துவிட்டது. நான் பிடித்துக்கொள்வேன் என்று நம்பி, அது என் முதுகிலிருந்து கையைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறது. இந்தத் திருட்டுக் கள்ளிக்கு ஒரு கூட்டாளி.

ஏப்ரல் 2, புதன்
நாளை முதல் நிஜ நோயாளி. அக்காவின் பெயரைக் கொடுத்தது நான்தான். இது நன்றாக முடிந்தால் என் வேலை நிரந்தரம்.

வாத நோயில் அவளுக்கு இரண்டு கைகளும் கால்களும் போய் இரண்டு வருடம் ஆகிறது. வாய் மட்டும் போகவில்லை. “உன் மெஷினாவது மூஞ்சிய சுளிக்காம தூக்குதான்னு பாக்கறேன்” என்றாள்.

பல் துலக்கும்போதுதான் உறைத்தது - அந்தக் கம்பி. இப்போது போய்ச் சொன்னால்? இத்தனை வாரப் பயிற்சியும் குப்பைக்குப் போகும், கூடவே நானும். அக்காவைப் பார்த்தால் அதற்கே புரியாதா? புரியும். புரியணும்.

ஏப்ரல் 3, வியாழன்
திரையில் அக்காவின் நிழல் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தது. கட்டிலில் அக்காவின் கை அசையவே இல்லை. நிறுத்தும் பொத்தான் என்னிடம் இருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே - கேட்டா என்ன சொல்றது, என்ன சொல்றது - அதையே நினைச்சுக்கிட்டு நின்னேன். முதுகைத் தாங்கிய கையை அது எடுத்துவிட்டது.

அவ விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கு.

ஏப்ரல் 7, திங்கள்
அக்காவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இனி உட்காரவே முடியாது என்றார் டாக்டர். இன்ஜினியர் வார்டுக்கு வெளியே வந்து, “தப்பா நினைக்காதீங்க, இத்தனை நாள் மெஷின் கத்துக்காதத ஒரே தடவைல கத்துக்கிச்சு” என்றார். அவர் கண்ணில் மகிழ்ச்சி. ஓங்கி ஒன்று விட்டிருக்கலாம். எந்த யோக்கியதையில்?

அக்கா மெதுவாகக் கேட்டாள். “பட்டன் உன் கைலதானேடி இருந்துச்சு?”

“கை கால் ஓடலக்கா.”

“அது என் வியாதிடி” என்று சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்
அக்கா விழுந்ததில் அது கற்றுக்கொண்டதே போதுமாம், என் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. மறுபடி கட்டிலில் படுத்தேன். இந்த முறை எல்லோரும் பார்க்கவே கம்பியை இறுகப் பிடித்தேன். திரையில் நிழலின் இரண்டு கைகளும் வயிற்றின் மேல் செத்துக் கிடந்தன. நான் முழுதாக உட்காரும்வரை அது என் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.