நாற்பத்தோரு சில்லுகள்

10-11-1974, ஞாயிறு

இடைவிடாத மழை. இருந்தும் எழுத்து வகுப்புக்குப் பதினொரு பெண்கள் வந்தார்கள். வகுப்பு என்று பெயர்தான். 'அ'வைத் தாண்ட யாருக்கும் மனமில்லை, கதை கேட்கத்தான் வருகிறார்கள். இன்று ஏதென்ஸ் சொன்னேன். பழைய கிரேக்கத்தில் அதிகாரம் மிஞ்சிப் போன ஒருவனை ஊரைவிட்டு அனுப்ப ஜனங்கள் உடைந்த பானைச் சில்லில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதிகச் சில்லு விழுந்தவன் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் வரக்கூடாது.

"யார் பேரை வேணாலும் எழுதலாமா?" என்று குருவம்மாள் கேட்டாள். எழுதலாம் என்றேன்.

"பொம்பளைகளுக்கும் சில்லு குடுப்பாகளா டீச்சர்?" — இது சுருளியம்மாள். இல்லை. "அடிமைகளுக்கு?" இல்லை.

"அட போங்க டீச்சர். நம்ம எஸ்டேட்டுக்குத்தான் என்னமோ வேற பேரு சொல்றீக."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் அந்த ஊரை அப்படிப் புகழ்ந்திருந்தார்கள், நானும் மயங்கித்தான் கிடந்தேன்.

15-11-1974

குருவம்மாள் பிள்ளை போய்விட்டது. ஐந்து மாசம்.

மழையில் மேல்காட்டுச் சரிவில் கொழுந்தெடுக்க அனுப்பியிருக்கிறான் கங்காணி பெரியமுத்து. வயிற்றைக் காட்டிக் கெஞ்சியிருக்கிறாள். "தொரை உத்தரவு, இன்னிக்கே முடிக்கணும்" என்றானாம். வழுக்கி விழுந்து பத்தடி உருண்டிருக்கிறாள். பதிவேட்டில் என்ன எழுதினான் தெரியுமா? கவனக்குறைவு! படுபாவி. அவன் கை விளங்குமா?

உத்தரவாம், உத்தரவு. யார் மேலாவது பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான்.

17-11-1974, ஞாயிறு

இன்று பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். சுருளியம்மாள் மடியிலிருந்து சில்லுகளைக் கொட்டினாள். "அவன் பேரை எழுதுங்க டீச்சர். தொரை மேசையில கொண்டுபோய்ப் போடுவோம். ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்."

நாற்பத்தோரு பேர். ஒருத்திக்கும் எழுதத் தெரியாது. ஆணியை எடுத்து நாற்பத்தொன்றிலும் நானே கீறினேன். விரலில் ரத்தம். ஆத்திரத்தில் வலியே தெரியவில்லை.

19-11-1974

மேனேஜர் — இங்கே எல்லோருக்கும் அவர்தான் துரை — சில்லுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நாற்பத்தோரு பேருக்கும் சேர்த்து ஒரு கைதானா டீச்சர்? பெரியமுத்துவோடு உங்களுக்கு என்ன சண்டை?"

பள்ளிக்கூடமும் எஸ்டேட்டுடையது, வீடும் எஸ்டேட்டுடையது. பொங்கல் கழிந்ததும் காலி செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். அதே பக்கத்தில் இருக்கிறது: ஏதென்ஸில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது குவியலாகச் சில்லுகள் கிடைத்தனவாம், எல்லாவற்றிலும் ஒரே பெயர், சில கைகளே எழுதியவை. படித்திருக்கிறேன். பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். சாந்தம்மா, நீயெல்லாம் ஒரு டீச்சரா?

24-11-1974, ஞாயிறு

கதை கிடையாது என்று சொல்லிவிட்டேன். பெ-ரி-ய-மு-த்-து. ஆறே எழுத்து. பொங்கலுக்குள் ஒவ்வொருத்தியும் தன் கையால் எழுத வேண்டும்.

"எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? ஒங்க கையும் எங்க கையும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை! கத்திவிட்டேன்.

8-12-1974

சுருளியம்மாள் 'மு'வைக் கவிழ்த்துப் போடுகிறாள். பத்துத் தடவை சொல்லியாயிற்று.

29-12-1974

குருவம்மாள் மூன்று வாரமாக வருகிறாள். பேசுவதில்லை. பலப்பத்தை அழுத்தி அழுத்தியே ஒடிக்கிறாள். இன்று வாய் திறந்தாள் — 'ரை' எப்படி எழுதுவது என்று. "ரி போதும், அதை முதலில் ஒழுங்காப் போடு" என்று எரிந்து விழுந்தேன். சிலேட்டின் மேல் குனிந்துகொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இப்படியா பேசுவது? என் நாக்கை என்ன செய்வது?

13-1-1975

பொங்கலுக்காகப் பழைய பானை சட்டியை வெளியே எறியும் நாள். கூலி வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் உடைக்கிற சத்தம். இந்த வருஷம் ஒரு சில்லும் குப்பைக்குப் போகவில்லை.

16-1-1975

பெட்டியோடு லாரிக்கு நின்றிருந்தேன். லாரி கிளம்புவது பெரட்டுக் களத்திலிருந்துதான். காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் போக எல்லோரும் கூடியிருந்தார்கள், பெரியமுத்து பதிவேட்டோடு நின்றான், துரையும் வந்திருந்தார்.

சுருளியம்மாள் முதலில் போய் அவர் காலடியில் சில்லைப் போட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக. துரை குனிந்து எடுத்தார். கோணல், கவிழ்ந்த 'மு', கால் இல்லாத 'ரி' — ஒன்று போல ஒன்று இல்லை. இந்த முறை சிரிக்கவில்லை.

"பெரியமுத்து, நாளையிலிருந்து நீ ஃபேக்டரிக்குப் போ" என்றார். அவன் முகம் பேயறைந்ததுபோல ஆனது. "நீங்க சொல்லித்தானே தொரை..." என்று ஆரம்பித்தான். அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

குருவம்மாள் கடைசியாக வந்தாள். கீழே போடவில்லை. அவர் கையிலேயே கொடுத்தாள்.

பார்த்தவர் மறுபடி பார்த்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஜீப்புக்கு நடந்தார்.

"என்னடி எழுதினே?" என்று கேட்டேன்.

"ரெண்டெழுத்துத்தான் டீச்சர். 'து' நீங்க சொல்லிக் குடுத்தீக. 'ரை' பள்ளிக்கூடத்துப் புள்ளைககிட்ட கேட்டுக்கிட்டேன்."