மூன்று வாத்துகளுக்கு ஒரு பாத்தி

ஏலே ராசு, என் கூடப்பிறந்த வம்பா,

நீ போய் ஒரு வருடம் முடியப்போகிறது. அக்கா அழுதுகொண்டே எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவனுக்கு வாத்து எதற்கு என்று அன்றைக்கே கேட்டேன். "யக்கா, ஊருல உள்ளவன்லாம் நாய் வளக்கான். நான் வாத்து வளத்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்று சிரித்தாய். முட்டைக்கும் இல்லை, கறிக்கும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நாலு வாத்து! அதற்குக் கப்பல், தோணி, லாரி, கிரேன் என்று பெயர் வேறு.

உன்னை முற்றத்தில் கிடத்தியிருந்தபோது அந்த நாலும் பந்தலுக்குள் வந்து நின்றன. யாரோ விரட்டினார்கள். நான் உன் காதருகே குனிந்து, "ஒன் வாத்த நான் பாத்துக்கிடுதேம்லே" என்றேன். அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. உனக்குக் கேட்டதா?

இப்போது மூன்றுதான் இருக்கின்றன, ராசு. கிரேன் போய்விட்டது. எப்படிப் போனது என்று வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. வீட்டுக்குச் சொல்லுமுன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

முத்தையாபுரத்தில் என் வீட்டுக் கொல்லையில் அவற்றை விட்ட முதல் வாரமே தெரிந்துவிட்டது, வெறும் தவிட்டுக்கு அவை மசியா என்று. குளத்தங்கரையில் மேய்த்துப் பழக்கிவிட்டாய். பச்சை இல்லையென்றால் தட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கத்துகின்றன. ரோட்டோரப் புல்லைப் பிடுங்கிப் போடலாம் என்றால் அதில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அந்த மருந்துக் கேன் போனது என் கடையிலிருந்து. சந்தைக் கீரை வாங்கலாம் என்றால், அறுப்புக்கு முந்தின நாள் மருந்தடிக்கிறவர்கள் யார் யார் என்று எனக்கு மனப்பாடம். ஒற்றை அலமாரியில் தொடங்கி இருபது வருடமாகப் பூச்சிமருந்தும் உரமும் விற்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எது சுத்தம் என்று எனக்குத் தெரியாது. எது சுத்தமில்லை என்பது மட்டும் அத்துப்படி.

சரி, நாமே விதைப்போம் என்று கொல்லையில் ஒரு பாத்தி கட்டினேன். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் மறுநாள் மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. வேறு வழியில்லாமல் லாரித் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "நாங்க குடிக்கதுக்கே கொடம் எண்ணி ஊத்துதோம். ஒங்க வீட்டு வாத்து குடுத்து வச்சது, யக்கா" என்றாள். அவள் பார்க்கப் பார்க்க ஒரு குடத்தைப் பாத்திக்கு ஊற்றினேன்.

விதைக்கு எங்கே போவேன்? கடையில் மக்காச்சோள விதை இருந்தது. நெருக்கிப் போட்டால் ஒரு சாண் குருத்தாக வெட்டிப் போடலாமே. பையைப் பிரித்தால் எல்லாம் ரோஸ் நிறம். விதைக்குத் தடவின மருந்து. அந்தப் பையை விற்கும்போதெல்லாம் "மிஞ்சினா கோழிக்குப் போட்டுராதிய" என்று சொல்லித்தான் கொடுப்பேன். என் வீட்டுக்கு என்றதும் எனக்குப் புத்தி வேறு மாதிரி ஓடியது. கழுவிவிட்டால் தீர்ந்தது என்று மூன்று தண்ணீர் அலசினேன். வெறும் விதையாக வெளுத்துவிட்டது. எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

அலசின தண்ணீரைக் கொல்லையிலேயே கொட்டினேன்.

தண்ணீர் தேங்கின இடத்தைக் கண்டால் வாத்து விடுமா, ராசு? நான் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கிரேன் அந்த நீண்ட கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. மறுநாள் விடியுமுன் போய்விட்டது. அதன் அலகோரம் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. நான்தான் துடைத்தேன். வீட்டில் கேட்டதற்கு ஏதோ நோய் என்றேன். விதைத்திருந்த மக்காச்சோளத்தை மண்ணோடு வாரி அப்புறப்படுத்தினேன்.

அதற்கப்புறம் ஒருநாள், தாமிரபரணிப் பக்கம் கீரை போடுகிற பெரியவர் ஒருவர் வழக்கம்போல மருந்து வாங்க வந்தார். "அண்ணாச்சி, மருந்தடிக்காத கீரை எங்க கெடைக்கும்?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வீட்டுல இருக்கு. வீட்டுக்குன்னு தனியா ஒரு பாத்தி போட்டிருக்கோம்லா. அதுல ஒங்க கடை மருந்து ஒரு சொட்டு படாது."

"அந்தப் பாத்திக்குப் பூச்சி வராதாக்கும்?"

"வராம என்ன? அது தின்னது போக மிச்சத்த நாங்க திங்கோம்."

"அப்ப விக்கிற கீரைக்கு மட்டும் ஏன் அடிக்கிய?"

"ஓட்ட விழுந்த கீரைய யாரு வாங்குவா? நீங்க வாங்குவியளாம்மா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் சந்தையில் ஒவ்வொரு கீரைக்கட்டையும் விரித்து, ஓட்டை இருந்தால் தூக்கிப் போடுகிறவள்தானே நானும்? அவர் மருந்தை வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் வீட்டுப் பாத்தியின் தண்டுக்கீரை விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தந்தார். கறுப்பு விதை. உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு நிறமும் ஒட்டவில்லை.

முளைத்தது. நாலு இலை விட்டதும் புழு வந்தது. காலையில் பார்க்கிற இலை மாலையில் சல்லடை. எந்த டப்பாவைத் திறந்தால் இந்தப் புழு ஒரே நாளில் விழும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா உனக்கு? போதாக்குறைக்குக் கொசுப்புகை அடிக்கிறவர் வந்தார். வாசலை மறித்தேன். "யக்கா, மருந்துக்கடையே ஒங்களுது. நீங்க எங்களத் தடுக்கியளா?" என்று சிரித்தார். பாத்திமேல் தார்ப்பாயை விரித்து, வாத்துகளைக் குளியலறையில் அடைத்துவிட்டு நின்றேன். அதற்குள் மூன்றும் சேர்ந்து சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டன.

போன வாரம்தான் முதன்முதலாகப் பாத்திக்குள் விட்டேன். நல்ல இலை எத்தனையோ இருக்க, தோணி நேராகப் போனது ஓட்டை விழுந்த இலைக்குத்தான். அடியில் இருந்த புழுவை முதலில் கொத்தியது, பிறகு இலையைத் தின்றது. மற்ற இரண்டும் அப்படியே. சந்தையில் நான் தூக்கிப் போடுகிற கீரை, உன் வாத்துகளுக்கு விருந்து. இது உனக்கு முன்பே தெரியும்தானே? ஏன் சொல்லாமல் போனாய்?

கடையை மூடிவிடுவேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இருபது வருட உழைப்பு அது. ஆனால் இப்போது ரோஸ் விதை வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "கழுவினாலும் போவாது, கழுவின தண்ணியையும் கீழ ஊத்திராதிய, எங்க கிரேன் அதுலதான் செத்துச்சு" என்று சொல்லித்தான் பையைக் கொடுக்கிறேன். நேற்று ஒருவர், "யாரும்மா கிரேனு?" என்றார்.

"என் தம்பி வளத்த வாத்து. நான்தான் கொன்னுட்டேன்."

"வாத்துதானே!" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் காதில் ஏறியதோ இல்லையோ, அடுத்து வந்தவரிடமும் சொன்னேன். கடையில் இருக்கும்வரை சொல்வேன், ராசு. மிச்சமிருக்கிற மூன்றும் தம் வயது முடிந்துதான் உன்னிடம் வரும், என் கையால் வராது.

கிரேன் அங்கே வந்திருந்தால் அதன் கழுத்தைத் தடவிக்கொடு. அலகை ஒருமுறை நன்றாகக் கழுவிவிடு.

உன் வாத்துகளிடம் தினமும் திட்டு வாங்குகிற,
உன் ஒரே அக்கா
பார்வதி